பெருமாள் தலைக்கு மேலே என் கிளிகள்

என் கையில் ஊசியைப் பார்த்தால் கம்பெனி பஸ்ஸில் ஒருவருக்கும் வாய் சும்மா இருக்காது. மறைமலைநகரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் முனையில் பஸ் ஏறினால் கம்பெனி வாசல்வரை நல்ல நேரம் கிடைக்கும். மற்றவர்கள் தூங்குவார்கள், போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நான் பையிலிருந்து வட்ட ஃப்ரேமை எடுத்து, துணியை இறுக்கி, எம்ப்ராய்டரி போடுவேன்.

"இன்னா மச்சான், கண்ணாலத்துக்கு நீயே ஜாக்கெட்டு தெச்சிக்கினு கீறியா?" என்பான் பக்கத்து சீட்டுக்காரன்.

"உனக்குத்தான் மச்சான். அளவு குடு."

"குடுக்கலாம். உன் ஃப்ரேமு பத்தாதே!"

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தக் கிண்டலில் விஷம் கிடையாது. அதே பையன்தான் டிரைவர் பிரேக் போடப் போகிறார் என்றால் "மச்சான், ஊசி ஊசி!" என்று முன்கூட்டியே கத்துவான். எனக்கு விஷம் வந்தது வேறு இடத்திலிருந்து. மிக மெல்லிய குரலில், கண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா முன்பு நாற்று நட்டவள். இப்போது மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி, டிப்ளமோ முடித்த முதல் ஆள் நான்தான். ஓட்டை விழுந்தது, சிகரெட் சுட்டது என்று ஹோட்டலில் கழித்துப் போடும் தலையணை உறைகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள். நல்ல வெள்ளைத் துணி, நடுவில் ஒரு பொத்தல். ஒரு விடுமுறை நாளில் சும்மா கிடந்தபோது அந்தப் பொத்தலின் மேல் ஒரு பூ போட்டால் என்ன என்று தோன்றியது. போனில் வீடியோ பார்த்துப் போட்டேன். பூ கோணலாக வந்தது. ஆனால் பொத்தல் காணாமல் போயிருந்தது. அந்தத் திருப்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சங்கடம் இருந்தது. நான் பீச்சாங்கைக்காரன். அம்மா அடித்து அடித்துச் சாப்பாட்டை மட்டும் சோத்தாங்கைக்கு மாற்றியிருந்தாள், மற்றதெல்லாம் இடதுதான். வீடியோவில் எல்லோரும் வலது கையால் போடுவார்கள். அதைப் பார்த்துப் போட்டால் எனக்கு நூல் குழம்பும். கடைசியில் வழி கண்டுபிடித்தேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே போனை நிறுத்திவைத்து, கண்ணாடிக்குள் தெரியும் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கண்ணாடிக்குள் எல்லோரும் என்னைப் போலவே பீச்சாங்கைக்காரர்கள்.

"இன்னாடா கண்ணாடிய பாத்துப் பாத்து தெச்சிகினு கீற? பைத்தியமா புடிச்சிக்கிது?" என்று அம்மா கேட்டாள். சங்கிலித் தையல் கற்றேன், காம்புத் தையல் கற்றேன், இலையை நிரப்பக் கற்றேன். எங்கள் வீட்டுத் தலையணைகளெல்லாம் பூத்தன.

இன்னும் நன்றாகக் கற்க வேண்டும் என்ற ஆசையில்தான் செங்கல்பட்டு வகுப்புக்குப் போனேன். பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு ஹாலிலேயே நடத்தினார். வந்தவர்கள் எல்லோரும் குடும்பப் பெண்கள், பொழுதுபோக்காகக் கற்பவர்கள். "ஆம்பளைங்க வரலாமா டீச்சர்?" என்று போனில் கேட்டபோது, "கலைக்கு ஆணென்ன பெண்ணென்ன, தாராளமா வா" என்றார். முதல் சில வாரம் எனக்குச் சொர்க்கம். என் துணியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். "நூல் இழுப்பு பாருங்கோ, ஒரு சுருக்கம் இருக்கா?" என்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே நடித்துக் காட்டுவேன்.

பிறகு ஒரு ஞாயிறு, அந்த அறிவிப்பு வந்தது. டீச்சர் பிறந்த ஊர்ப் பெருமாள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அவருக்கு மேலே பிடிக்கிற விதானத் துணி பழசாகிவிட்டது. புது விதானத்தை நம் வகுப்பே போட்டுக் கொடுக்கப் போகிறது. ஆளுக்கு ஒரு சதுரம்: கிளி, தாமரை, மயில், மாங்காய். நடுச் சதுரத்தில் சங்கு சக்கரம் டீச்சரே போடுவார். பின்பு எல்லாவற்றையும் சேர்த்து உள்துணி வைத்துத் தைப்பார்.

சந்தன நிறத்தில் பட்டுப் போல மினுங்கும் சதுரங்களை ஒவ்வொருவர் மடியிலும் வைத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் கை நின்றது.

"நீ எந்த ஊர்னு சொன்னே கண்ணா?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா? காலனியா?"

"காலனி, டீச்சர்."

முகம் சுளிக்கவில்லை. சிரித்தார். அந்தச் சதுரத்தைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்தார். வேறொரு பையிலிருந்து ஒரு துண்டு காடாத் துணியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீ இதுல பழகிக்கோ. சாமி காரியம் பாரு, மடியா ஆசாரமா செய்யணும். உனக்கு இடது கை வேற. சாமி துணியில இடது கை படலாமோ? தப்பா எடுத்துக்காதே."

ஹாலில் எல்லோருக்கும் அது கேட்டது. எல்லோரும் அவரவர் சதுரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் காடாத் துணியை ஃப்ரேமில் மாட்டினேன். அன்று என்ன போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கை போட்டுக்கொண்டிருந்தது.

ஏன் அன்றே எழுந்து போகவில்லை என்று பிறகு சிலர் கேட்டார்கள். போயிருந்தால் டீச்சருக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த வசதியை நான் தர விரும்பவில்லை. இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

வழி தானாகவே வந்தது. வகுப்பில் எனக்குப் பேச்சுத் துணை புதுப்பட்டினத்து அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு அணுமின் நிலையத்தில் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே திசை என்பதால் சேர்ந்தே பஸ் ஏறுவோம். ஒரு ஞாயிறு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவர் தன் சதுரத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இத பாரு தம்பி. கிளி போடச் சொன்னாங்க. காக்கா மாதிரி கீது."

"காக்காகூட இல்லக்கா. கோழி."

"கொழுப்புடா உனுக்கு. பையனுக்குப் பரிச்ச, மாமியாருக்குக் கால்வலி, எனக்கு எங்க டைம் கீது? நீ போட்டுக் குடேன்."

"சாமி காரியம்னு சொன்னாங்களேக்கா."

அக்கா என்னைப் பார்க்காமல் பஸ் வருகிற பக்கம் பார்த்தார். "அன்னிக்கே எனக்கு வயிறு எரிஞ்சிச்சி தம்பி. வாயத் தொறக்கல. இன்னா பண்றது, பேஜாரா பூடும்னு விட்டுட்டேன்."

"நீங்க வாயத் தொறக்க வேணாம். துணியக் குடுங்க."

அந்தக் கோழியைப் பிரிக்கவே ஒரு மாலை ஆனது. பிறகு கிளி போட்டேன். கழுத்துக்கு மூன்று பச்சை, இறக்கைக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள், மூக்குக்கு மிளகாய்ச் சிவப்பு. காம்புத் தையலில் வாலை இழுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாகக் கோபப்பட்டதில்லை. ஒவ்வொரு தடவை ஊசியை இறக்கும்போதும் 'மடியா' என்று சொல்லிக்கொண்டேன், ஏற்றும்போது 'ஆசாரமா' என்று சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் கேட்ட மடியும் ஆசாரமும் அந்தக் கிளிக்கு இப்படித்தான் கிடைத்தது: பாதி கம்பெனி பஸ்ஸில், பரோட்டாப் பொட்டலங்களுக்கு நடுவில். மீதி எங்கள் வீட்டுப் பாயில், கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு எழுந்த பிறகு. கையை மட்டும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவேன். எண்ணெய்க் கறை பட்டால் அந்தத் துணியில் போகாது. சாமிக்காகக் கழுவவில்லை, துணிக்காகக் கழுவினேன். முழுக்க முழுக்கப் பீச்சாங்கையால் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்கா அதைக் கொடுத்தார். டீச்சர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

"அடடா! இப்பவே பறந்துடும் போல இருக்கே! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தே இந்தக் கையை?"

அக்கா இருமினார். டீச்சர் நேரே என்னிடம் வந்து கிளியை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "பாத்துக்கோ கண்ணா. வலது கை போட்ட வேலை இப்படி இருக்கும். இதைப் பாத்துப் பழகு."

"சரிங்க டீச்சர்."

என் காடாத் துணியில் நான் வேண்டுமென்றே ஒரு காம்பைக் கோணலாக்கி வைத்திருந்தேன். அவர் அதைத் தொட்டுத் திருத்தக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அக்காவே ஆள் சேர்த்தார். ஒருத்தி நாத்தனார் கல்யாணத்துக்குப் போக வேண்டும், இன்னொருத்திக்குக் கண் வலி, இன்னொருத்திக்கு வெறும் சோம்பேறித்தனம். யார் போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். டீச்சருக்குச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். தாமரை வந்தது, மயில் வந்தது, மாங்காய் வந்தது, இன்னும் சில கிளிகளும் வந்தன. முடிகிற நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட சதுரங்கள் என் கை வேலை. ஒவ்வொன்றையும் டீச்சர் என் கண்ணுக்கு முன்னால் பிடித்து, பார்த்துப் பழகு என்றார். ஒவ்வொரு முறையும் சரிங்க டீச்சர் என்றேன். பஸ்ஸில் மயிலைப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரன், "இது யாருக்கு மச்சான்?" என்று கேட்டான். "பெருமாளுக்கு" என்றேன். "எந்தப் பெருமாளு, நம்ம கேன்டீன் பெருமாளா?" என்றான்.

மாசி மகத்தன்று லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். கோயிலுக்குள் என்னை எங்கே நிற்க வைப்பார்களோ தெரியாது. மணலில் யாரும் யாரையும் ஒதுக்க முடியாது. பல ஊர்ச் சாமிகள் வந்திருந்தன. டீச்சர் ஊர்ப் பெருமாள் டிராக்டரில் வந்து இறங்கினார். நாலு கம்புகளில் விதானத்தை விரித்துப் பிடித்தார்கள். கடல் காற்றில் அது புடைத்து ஏறியது. வெயில் துணிக்குள் ஊடுருவி இறங்க, என் கிளிகளின் பச்சை நிழல் பெருமாளின் முகத்திலேயே விழுந்தது போல இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அதோடு திரும்பிவிடத்தான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தால் போதும், அவர் ஆண்டுதோறும் அதைக் கும்பிடட்டும், நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று. டீச்சர் விதானத்தின் தொங்கும் ஓரத்தைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அதுவே விருந்தாக இருந்தது.

ஆனால் பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்து, விதானம் உபயம் செய்தவர்கள் என்று பெயர் படிக்க ஆரம்பித்தார். முதலில் டீச்சர் பெயர். பிறகு வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவர் பெயரும். கிளிக்கு ஒரு பெயர், மயிலுக்கு ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் 'கோவிந்தா' போட்டது. அவ்வளவு பெயர்களிலும் என் பெயர் இல்லை. வராது என்று தெரிந்துதான் போயிருந்தேன். இருந்தும் காதால் கேட்டபோது கால் தானாக நடந்தது.

"அட, கண்ணா! நீயும் வந்தியா?" என்றார் டீச்சர். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "மேல பாத்தியா? புதுப்பட்டினத்துக்காரி கிளியப் பாரு, என்ன ஜோரா இருக்கு."

"அது நான் போட்டது டீச்சர்."

சிரித்தார். "என்னப்பா சொல்றே?"

"அந்தத் தாமரை நான் போட்டது. அந்த மயிலு நான் போட்டது. அந்த மாங்கா நான் போட்டது. காம்புத் தையல் முறுக்கு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குனு பாருங்க. பீச்சாங்கை."

அவர் கண்ணாடியில் கடல் ஈரம் படிந்திருந்தது. முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஆயுள் முழுக்கத் தையல் சொல்லிக்கொடுத்த கண். வலது கைக்காரர் போட்டால் முறுக்கு ஒரு பக்கம் சாயும், இடது கைக்கு மறுபக்கம். வகுப்பில் அழகை மட்டும் பார்த்தவர், இப்போது முறுக்கைத் தேடி ஒரு சதுரம் பார்த்தார், அடுத்தது பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே போனதை நான் ஒரு நொடிகூட விடாமல் பார்த்தேன். இப்போதும் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

"இப்ப இறக்கிடலாமா டீச்சர்?" என்றேன். "இங்கயே சொல்லிடுங்க, காலனிக்காரன் போட்டதுனு. இல்ல, அப்படியே கும்பிடுங்க."

பட்டர் அந்தப் பக்கமாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் இருவர் மேலும் ஒரே கையால் தெளித்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே அக்கா போனில் கிழித்தார். "அறிவு கீதாடா உனுக்கு? எல்லாரையும் மாட்டி வுட்டுட்டியே! டீச்சர் போன் பண்ணி ஒரே அழுவ. உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு!" அவர் சொன்னது நியாயம்தான். நான் மன்னிப்புக் கேட்டேன், அவரிடம் மட்டும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்கவும் யாருமில்லை, சொல்லவும் யாருமில்லை.

சில வாரம் கழித்து அக்கா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முதல் முறை. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஒரு கட்டைப் பையை என்னிடம் நீட்டினார். உள்ளே சதுரங்கள். துவைக்க வேண்டும் என்று விதானத்தைக் கோயிலிலிருந்து வாங்கிப்போன டீச்சர், வீட்டில் உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்திருக்கிறார். உங்கள் உங்கள் துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூச்சம். அக்காவிடம் தள்ளிவிட்டார்கள்.

"இந்தா, உன் கிளி. உன் மயிலு. அத்தோட வுடு" என்றார் அக்கா.

ஒவ்வொன்றையும் பாயில் பரப்பித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பிரித்த ஊசித் துளைகள் தவிர ஒரு குறை இல்லை. என் நூல் ஒன்றுகூட அறுபடாமல் அவ்வளவு பதமாகப் பிரித்திருந்தார். வேலையின் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற ஒருவர்தான் அதை இறக்கினார் என்பது என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. வேலை தெரியாதவர் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். துணிகளை ஒரு தலையணை உறைக்குள் வைத்து, வேப்பிலை போட்டு பீரோவில் வைத்தேன்.

இந்த வருஷம், மாசிக்கு முன்னால், டீச்சர் எண்ணிலிருந்து போன் வந்தது. கம்பெனி பஸ்ஸில் இருந்தேன்.

"நன்னா இருக்கியா? அந்தத் துண்டெல்லாம் உங்கிட்ட இருக்காமே."

"இருக்கு டீச்சர்."

"கோயில்ல கேட்டுண்டே இருக்கா. போன வருஷம் எல்லாரும் போட்டோ எடுத்தாளே, அது எங்கேன்னு. குடுத்து அனுப்பேன். நான் சேத்து தைச்சுடறேன்."

"இவ்ளோ நாளு அவங்ககிட்ட இன்னா சொன்னீங்க?"

"எலி கடிச்சுடுத்துன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் கோயில் கணக்கில் நான் எலியாகியிருக்கிறேன்.

"தரேன் டீச்சர். சந்தோஷமா தரேன். கடற்கரையில மைக்குல பேரு படிப்பாங்க இல்ல? அதுல எம் பேரும் எங்க காலனி பேரும் வரணும். வேற யாரும் படிக்கக் கூடாது. நீங்க படிக்கணும்."

அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. "யோசிச்சு சொல்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

பக்கத்து சீட்டுக்காரன், "யாரு மச்சான், பொண்ணு வூடா?" என்றான்.

டீச்சர் இன்னும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீட்டில் அம்மாதான் தாங்க முடியாமல் கிடக்கிறாள். நேற்று நான் நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"குடுத்துடேன்டா. அந்தம்மா வயசானவ. சாமி இன்னா பண்ணிச்சி உனுக்கு?"

"சாமி மேல எனக்குக் கோவம் இல்லம்மா. கோவத்துல போட்டாலும் ஒரு தையல்கூட நான் தப்பா போடல. அவங்க வாயால சொல்லட்டும், அடுத்த நிமிஷம் குடுத்துடறேன்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா பெருமாளு வெயில்ல நிக்கட்டும். நீ நாத்து நட்டப்போ உனுக்கு எவன் வந்து விதானம் புடிச்சான்?"

அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்கும் சேர்த்து. நான் போட்டுக்கொள்ளவில்லை.